‘உங்களுக்காக’ பக்கம்: ஆறு வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

துருப்பிடித்த பழைய பூட்டு ஒன்றை ஒருவர் அமிலத்தில் ஊறவைத்து, சுரண்டி, எண்ணெயிட்டு, மீண்டும் சாவி திரும்பும் நிலைக்குக் கொண்டுவரும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இரவு நான் உறங்கிவிட்டேன். முடிந்தவுடன் தானாகவே மறுபடி தொடங்கும் வகை வீடியோ அது. கைப்பேசியில் சார்ஜ் தீரும்வரை அந்தப் பூட்டு திரும்பத் திரும்பத் துரு நீங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் செயலியைத் திறந்தால் துருப்பிடித்த கத்தரிக்கோல், துருப்பிடித்த இடுக்கி, துருப்பிடித்த தையல் இயந்திரம் என்று வரிசை கட்டி நின்றன. நான் அந்த வீடியோவுக்கு லைக் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை, ஒரு சொல்கூட எழுதவில்லை. தூங்கியது ஒன்றுதான் நான் செய்த காரியம். அதற்குள் என் விருப்பங்களில் தலையாயது துரு நீக்குவதே என்று செயலி முடிவுகட்டிவிட்டது.

அந்தக் காலையில்தான் இந்தச் சேவையை ஒரு பொருளைப் போல எடுத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மிக்ஸி வாங்கினால் பத்து மதிப்புரைகளைப் படிக்கிறோம். ஆனால் ஒரு நாளில் நம் கண்ணில் எது பட வேண்டும் என்று முடிவுசெய்யும் பொறியைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்பதாலேயே அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது எந்தத் தனிச் செயலியையும் அல்ல. ‘உங்களுக்காக’ என்றோ ‘பரிந்துரைகள்’ என்றோ பெயரிட்டு, செயலியைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கும் அந்தப் பக்கத்தையும் அதன் பின்னால் இருக்கும் அல்காரிதத்தையும்தான். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த மூன்று தளங்களில், ஆறு வாரங்கள், ஒரு குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவனித்தேன்.

இந்தச் சேவை எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடை அறிமுகப்படுத்தும்வரை, அங்கே ஒரு நண்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று அறிய அவருடைய பக்கத்துக்கே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு எல்லாரும் எழுதுவது ஓரிடத்தில் வந்து குவிந்தது. குவிந்ததை வரிசைப்படுத்த வேண்டிய தேவையும் கூடவே வந்தது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நெடுங்காலம் நேர வரிசையிலேயே பதிவுகளைக் காட்டிவந்து, 2016இன் தொடக்க மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கைவிடுவதாக அறிவித்தன. மக்கள் தங்களுக்கு வரும் பதிவுகளில் சராசரியாக 70 விழுக்காட்டைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்று இன்ஸ்டாகிராம் அப்போது காரணம் சொன்னது. அது பொய்க் காரணம் அல்ல. நூறு பேரைப் பின்தொடரும் ஒருவர், ஒரு நாள் அலுவலக வேலை முடிந்து வந்து நேர வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் நேற்றைய மாலையைத் தொடுவதற்குள் களைத்துவிடுவார்.

இனி, பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்போம். பெரும்பாலான தளங்களில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து சில நூறையோ சில ஆயிரத்தையோ அள்ளி எடுப்பது முதல் கட்டம். அள்ளியவற்றை ஒவ்வொன்றாக மதிப்பெண் இட்டு அடுக்குவது இரண்டாம் கட்டம். யூடியூபின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த அமைப்பைத்தான் விவரித்தது. அள்ளுவதற்கான அடிப்படை மிக எளிமையானது: உங்களைப் போலவே நடந்துகொண்ட வேறு ஆட்கள் எதில் நின்றார்கள் என்று பார்த்து, அதை உங்கள் முன்னும் வைப்பது. நாம் பேசுவதைக் கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்று சத்தியம் செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இதற்கு இல்லை என்பதுதான் அதைவிடச் சங்கடமான செய்தி.

அடுக்கும் கட்டம் எப்படி நடக்கிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் எண்களோடு பார்க்க முடிந்தது 2023 மார்ச் 31ஆம் தேதி, ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டபோது. ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் சுமார் 1,500 பதிவுகள் போட்டிக்கு வருகின்றன என்றும், அவற்றில் சராசரியாகப் பாதி நாம் பின்தொடர்பவர்களிடமிருந்தும் மறுபாதி நாம் அறியாதவர்களிடமிருந்தும் எடுக்கப்படுகின்றன என்றும் அந்நிறுவனம் அப்போது விளக்கியது. ஒவ்வொரு பதிவையும் பார்த்து, இதற்கு இவர் லைக் போடுவாரா, மறுபகிர்வு செய்வாரா, பதில் எழுதுவாரா என்று தனித்தனியாக வாய்ப்புகளைக் கணித்து, ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறது அந்தப் பொறி. அப்போது வெளியிடப்பட்ட எடைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். லைக்குக்கு 0.5. மறுபகிர்வுக்கு 1. பதிலுக்கு 13.5. நாம் எழுதும் பதிலைப் பதிவிட்டவரே கவனித்து எதிர்வினை செய்வார் என்றால் 75. ‘இதுபோன்றவை வேண்டாம்’ என்பது போன்ற எதிர்ப்புக் குறிகளுக்குக் கழித்தல் 74. புகாருக்குக் கழித்தல் 369. இந்த எண்கள் கல்வெட்டு அல்ல, அடிக்கடி மாற்றப்படுபவை. ஆனால் பொறியின் மனப்போக்கை அறிய இவை போதும்: கணக்குப்படி, எழுதியவரும் படித்தவரும் பேசிக்கொள்ளும் ஓர் உரையாடல் 150 லைக்குகளுக்குச் சமம். அந்தப் பேச்சு நலம் விசாரிப்பதா, வாய்ச்சண்டையா என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் வாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இந்த எடைகளின் பொருளை எனக்கு உண்மையில் விளக்கியது. முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர், தன் உறவினரின் அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் ரத்தம் வேண்டும் என்று எழுதியிருந்தார். கேட்டிருந்தது என் ரத்த வகை. அந்தப் பதிவு எழுதப்பட்டபோது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், அதே செயலியில்தான் இருந்தேன், ஆனால் என் பக்கத்தில் அது வரவில்லை. அவரோடு நான் பேசி மாதங்கள் ஆகியிருந்தன என்பதால் எங்கள் உறவுக்குப் பொறி கொடுத்திருந்த மதிப்பு குறைவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டு நாள் கழித்து அதே பதிவு என் பக்கத்தின் உச்சியில், முதல் பதிவாக வந்து நின்றது. பதறிப்போய்த் திறந்தேன். கீழே முப்பதுக்கும் மேற்பட்ட பதில்கள். “ரத்தம் கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி” என்று அவரே எழுதியிருந்தார், அதற்குக் கீழே, என்னைப் போலவே தாமதமாகப் பார்த்த பலர் “நான் வரலாமா?” என்று கேட்டிருந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாக “வேண்டாம் அண்ணா, ஆகிவிட்டது” என்று பதில் எழுதியிருந்தார். தேவை தீர்ந்துவிட்டது என்ற செய்தியே அந்தப் பதிவை உயரத்தில் தூக்கிவைத்திருந்தது. அவர் பதில் எழுத எழுத, அது இன்னும் புதிய ஆட்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் புதிய ஆட்கள் மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளே எந்தத் தவறும் நடக்கவில்லை. பொறி தனக்கு இட்ட கட்டளையைப் பிசகில்லாமல் நிறைவேற்றியிருக்கிறது.

இந்தச் சேவையின் அடிப்படைக் குறை அதுதான் என்பது என் கணிப்பு. அது அளப்பது நம் கைவிரலை. நாம் விரும்புவதாகச் சொல்வதோ, நமக்குப் பயன்பட்டதோ அதன் அளவுகோலுக்குள் வருவதில்லை. ‘இது எனக்குத் தக்க நேரத்தில் உதவியது’ என்று சொல்வதற்கான பொத்தான் நான் பயன்படுத்திய மூன்று தளங்களிலும் இல்லை. இல்லாத பொத்தானுக்கு எடை போட முடியாது. இருக்கும் பொத்தான்களும் சொல்ல வந்ததைச் சொல்வதில்லை. 2017இல் ஃபேஸ்புக் தன் எமோஜி எதிர்வினைகளுக்கு, கோபமுகம் உட்பட, ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்திருந்தது. ஒருவர் ‘இது எனக்கு வெறுப்பூட்டுகிறது’ என்று கோபமுகத்தை அழுத்தினால், அதை ஐந்து லைக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டு இன்னும் பலருக்குக் காட்டியது. 2020 செப்டம்பரில் கோபமுகத்தின் மதிப்பைச் சுழியாக்கினார்கள். இது வெளியுலகுக்குத் தெரியவந்தது 2021இல், அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களின் வழியாக. யூடியூபும் இந்த வழியில் தடுக்கி எழுந்த தளம்தான். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அளவுகோலாக 2012இல் மாற்றிக்கொண்டது. பின்னர் பார்வையாளரிடமே ‘எப்படி இருந்தது’ என்று கேட்கும் சிறு கருத்துக்கேட்புகளையும் சேர்த்துக்கொண்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது.

நிறையைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. இரண்டாம் வாரத்தில், பெரிய பாலங்களின் தளத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கப்படும் ரப்பர் மெத்தைகளைப் பற்றி ஒருவர் நான்கு நிமிடம் பேசும் வீடியோ வந்தது. வெயிலில் பாலம் எவ்வளவு நீளும், அந்த நீட்சியை அந்த மெத்தை எப்படி உள்வாங்கும் என்பதை ஒரு அழிரப்பரைக் கையில் வைத்து, மேல்பக்கத்தை மட்டும் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினார். அவரைப் பின்தொடர்பவர்கள் அப்போது நூறு பேர்கூட இல்லை. நான் அப்படி ஒரு பொருளைப் பற்றித் தேடியதில்லை. அது இருக்கிறது என்றே தெரியாது. தேடல் பெட்டியால் இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் தெரியாததின் பெயரை அதில் தட்ட முடியாது. புதிய பதிவு ஒன்றைச் சிறு கூட்டத்துக்குக் காட்டிப் பார்த்து, அவர்கள் நின்றால் அடுத்த வட்டத்துக்கு நகர்த்துவது இவ்வகைப் பொறிகளின் வழக்கம். பின்தொடர்வோர் எண்ணிக்கை தங்கள் பரிந்துரையில் நேரடிக் காரணி அல்ல என்று டிக்டாக் 2020இல் வெளிப்படையாகவே எழுதியது. பெயர் இல்லாதவருக்கும் ஒரு முறை மேடை கிடைக்கிறது என்பது, நேர வரிசையால் ஒருநாளும் தர முடியாத வசதி. பாலத்துக்காரரை இன்றும் பின்தொடர்கிறேன். ஆனால் அவருடைய அடுத்த ஐந்து வீடியோக்களில் ஒன்றுதான் ‘உங்களுக்காக’ பக்கத்தில் வந்தது. அறிமுகம் செய்து வைப்பதில் கெட்டிக்காரத்தனம். உறவைப் பேணுவதில் அலட்சியம்.

கட்டுப்பாட்டுப் பொத்தான்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. துருவை ஒழிக்க நான் முதலில் பிடித்த வழி ‘ஆர்வமில்லை’ என்ற பொத்தான். ஒவ்வொரு முறையும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, பட்டியல் எழுந்து வரக் காத்திருந்து, அதை அழுத்த வேண்டும். ‘இதுபோன்றவற்றைக் குறைத்துக் காட்டுவோம்’ என்று பணிவாக ஒரு வரி வரும். நான்கு நாள் அழுத்தினேன். பூட்டு குறைந்தது உண்மை. அதன் இடத்தில் கறைபிடித்த கம்பளம் துவைக்கும் வீடியோக்கள் வந்தன. ‘அழுக்கு போவதைப் பார்ப்பவர்’ என்ற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்கள் போலும். என் அனுபவம் தனி அனுபவம் அல்ல. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் மொஸில்லா அறக்கட்டளை 2022இல் யூடியூபின் பொத்தான்களைப் பற்றி, 22,722 தன்னார்வலர்களின் தரவைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. வேண்டாத பரிந்துரைகளில் ‘ஆர்வமில்லை’ பொத்தான் தடுத்தது 11 விழுக்காடு. டிஸ்லைக் தடுத்தது 12. பார்த்த வரலாற்றிலிருந்து நீக்குவது 29. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பது 43. இருப்பதிலேயே சிறந்த பொத்தானும் பாதியைத் தொடவில்லை.

எனக்குக் கைகொடுத்ததும் வரலாற்றை நீக்குவதுதான். அமைப்புகளுக்குள் ஐந்தாறு படி இறங்கி, அந்த இரவின் பதிவுகளைத் தேடி அழித்தேன். இரண்டு நாளில் கம்பளமும் மறைந்தது. தூங்குபவனின் ஒரு சைகைக்கு ஓர் இரவிலேயே கட்டுப்பட்ட பொறி, விழித்திருப்பவன் அழுத்திய நாற்பது பொத்தான்களுக்குக் கட்டுப்படவில்லை என்பதை மறக்க முடியவில்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்வது நேர்மை: ஐந்தாம் வாரத்தில், எங்கிருந்தோ ஒரு துருப்பிடித்த தராசு வந்தது. கடைசி நொடிவரை பார்த்தேன்.

‘இது ஏன் உங்களுக்குக் காட்டப்படுகிறது’ என்ற விளக்கப் பட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘நீங்கள் இதுபோன்ற பதிவுகளைப் பார்ப்பதால்’ என்று வரும். சாப்பாடு ஏன் உப்பு கரிக்கிறது என்று கேட்டால் உப்பு இருப்பதால் என்று சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

பிறகு, நேர வரிசைக்கு மாறிப் பார்த்தேன். மூன்று தளங்களிலும் அதற்கு ஒரு வழி இருக்கிறது, மூன்றிலும் அது ஒளித்தே வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே கொண்டாடுவதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் முதல் இரண்டு நாள் ஏமாற்றமாகவே கழிந்தது. ஒரு நாளில் அறுபது முறை எழுதும் இருவர் என் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை எழுதுபவர்கள் அவர்களுக்கு அடியில் புதைந்துபோனார்கள். அந்த இருவரையும் நான் ஏன் பின்தொடர்ந்தேன் என்பதே நினைவில்லை. பொறி இத்தனை நாள் அவர்களை என் கண்ணில் படாமல் மறைத்து, எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு நன்மை செய்துவந்திருக்கிறது. அவர்களை நீக்கி, பட்டியலைச் செதுக்கிய பிறகுதான் அந்தப் பக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின் அதன் பெரிய குணம் தெரிந்தது: அதற்கு முடிவு உண்டு. நேற்று பார்த்த பதிவு வந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம்.

நேர வரிசையைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்பவர்கள் ஓர் ஆய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் சிலரை மூன்று மாதம் நேர வரிசைக்கு மாற்றி நடத்திய ஆய்வு 2023 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் வெகுவாகக் குறைந்தது; ஆனால் கண்ணில் பட்ட அரசியல் பதிவுகளும், நம்பகமற்ற மூலங்களிலிருந்து வந்தவையும் கூடின; அரசியல் பிளவு மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, பொறியைக் கழற்றிவிட்டால் நம் அறிவு தெளிந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். நேரம் மிச்சப்படும் என்று மட்டும் எழுதலாம். தளங்கள் அந்த வழியை ஏன் ஒளித்துவைக்கின்றன என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.

ஒளித்துவைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பயன்படுத்திய ஒரு செயலியில், நேர வரிசையைத் தேர்ந்தெடுத்து, மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி ‘உங்களுக்காக’ பக்கமே வந்து நின்றது. ஒவ்வொரு நாளும். விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தவுடன் தானாக எரிந்துகொள்ளும் சுவிட்சை எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார். விற்றால் மறுநாளே திருப்பிக்கொண்டு போய்க் கொடுப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில், மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் கொண்ட தளங்கள், பயனரைக் குறித்த கணிப்புகளைச் சாராத ஒரு காட்சிமுறையையாவது தர வேண்டும் என்று டிஜிட்டல் சேவைகள் சட்டம் சொல்கிறது. பெருந்தளங்களுக்கு அது 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கேட்டால் செய்ய முடிகிற ஒன்றை, பயனர் கேட்டால் ஒரு நாள்கூடத் தாங்காதபடி அமைத்திருப்பதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மாற்றுக் கடைகளும் உண்டு. மாஸ்டோடன் என்ற சமூக வலைத்தளம் 2016இலிருந்து நேர வரிசையையே காட்டிவருகிறது. புளூஸ்கை என்ற இன்னொரு தளம் 2023இலிருந்து, வரிசைப்படுத்தும் முறையைப் பயனர்களே எழுதிக்கொள்ளவும், பிறர் எழுதியதை எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் எனக்கு வேண்டியவர்களில் இருவர்தான் அங்கே இருக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு என் ஏற்பாடு இது. ‘உங்களுக்காக’ பக்கத்தை நீக்கவில்லை. பொழுதுபோக்கென்று தெரிந்தே, பாலத்து மெத்தைகளைப் போன்ற ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் அதைத் திறக்கிறேன். ஆட்களைப் பற்றிய செய்திக்கு அதை நம்புவதை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் உண்மையாகவே வேண்டியவர்கள் என்று கணக்கெடுத்தால் பதினொரு பேர் வந்தார்கள். ரத்தம் கேட்டு எழுதியவர் அவர்களில் ஒருவர். அவர்கள் பெயரைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, தினமும் இரவு ஒருமுறை, 2006க்கு முன்பு செய்ததைப் போலவே, ஒவ்வொருவர் பக்கத்துக்கும் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பதினொரு பேருக்கும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் ஆகிறது.